கயிறு கட்டாத ஒரு நாள்

கண்ணுகளா, நீங்கள் மூவரும் கொட்டச்சேட்டில் மாமன் வீட்டில் இருந்த அந்த மழைக்காலத்தைப் பற்றி ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். அப்பன் அடித்துத் துரத்தினான் என்பார்கள். அப்படியில்லை. உங்கள் அம்மாதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சரியாகத்தான் செய்தாள். எட்டாவதோடு நின்றவன் நான், கோர்வையாக எழுத வராது. ஆனால் ஒளித்து எழுதவும் மாட்டேன்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு நிழல்மரம் ஏறிக் கிளை கழிக்கிற வேலை. குடியை விடுவதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாமி முன்னால் கையில் கயிறு கட்டுவோம். நாற்பத்தெட்டு நாள், அல்லது மூன்று மாதம். அதுவரை ஒரு சொட்டுத் தொடமாட்டோம். கயிறு அவிழ்க்கிற அன்று பங்காளிகள் கூடுவார்கள், கோழி அடிபடும், சாராயம் வரும். நான் நான்கு முறை கட்டினேன், நான்கு முறை அவிழ்த்தேன். நான்காவது கயிறு அவிழ்ந்த மறுநாள்தான் உங்கள் அம்மா கிளம்பினாள்.

கூப்பிடப் போனேன். அவள் படி இறங்கவில்லை.

"இன்னொரு கயிறு கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க. ஏற்காட்டுல ஞாயித்துக்கெழம மத்தியானம் மிஷன் பள்ளிக்கூடத்துல குடிய உட்டவிங்க கூடுறாங்களாம். ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க. அங்க போயிட்டு வந்து பேசுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பையில் தேங்காய், பழம், புது மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினேன். அதுவும் கயிறு கட்டுகிற மாதிரி ஒரு காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். எதிரே என் பங்காளி ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, மாப்ள கோலம்? ரெண்டாவதா பொண்ணு பாக்கவா?"

"குடிய உடுற கூட்டத்துக்கு. மிஷன் பள்ளிக்கூடத்துல" என்றேன், ஜீப் முழுக்கக் கேட்கும்படி.

"அடேங்கப்பா! வேதத்துல சேந்து கிறிஸ்தவனாகப் போறியாக்கும்?"

"சாராயக்கடைக்குப் போனப்ப எந்தச் சாமின்னு நீ கேட்டியாடா?"

டிரைவர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார்.

ஏற்காட்டில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றா இரண்டா? முதல் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமலே, "குடிச்சவிங்கள உள்ள உடமாட்டோம்" என்றார். "குடிக்காம இருக்கத்தானுங்க வந்தேன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பஜாரில் டீக்கடை, செருப்புக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று ஓர் இடம் விடாமல் விசாரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குடித்துவிட்டு அதே பஜாரில் விழுந்து கிடந்தபோது எனக்கு இல்லாத வெட்கம், இப்போது எதற்கு? கடைசியில் வெற்றிலை விற்கிற அம்மா ஒருவர் ஏரிக்கு அந்தப் பக்கம் கை காட்டினார்.

அங்கே இருந்த பள்ளிக்கூடத்துக்குள் ஐந்து பேர், ஒன்றாம் வகுப்புப் பெஞ்சியில் முழங்கால் நெஞ்சை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். என் பொருட்களை மேசையில் எடுத்து வைத்தேன்.

"எத்தன நாளைக்குங்க கட்டோணும்?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லாட்ஜ் ஒன்றில் சமையல் செய்கிறவர் சொன்னார்: "கயிறெல்லாம் இல்லீங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குக் குடிக்காதீங்க. நாளைக்கி வெடிஞ்சா நாளைக்கிப் பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் பொங்கியது. "ஒரு நாளா? மூணு மாசம் தொடாம இருந்தவனுங்க நானு! இதுக்கா இத்தன தூரம்?" தேங்காயை வாரிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சமையல்காரர் பின்னாலேயே மைதானத்துக்கு ஓடி வந்தார்.

"ஏனுங்க, நில்லுங்க. மூணு மாசம் இருந்தீங்களே, கடைசி வாரம் என்ன பண்ணுனீங்க?"

எனக்குப் பொய் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "பாட்டில் வாங்கி வெச்சேனுங்க" என்றேன்.

"அவுக்கற நாள் தெரிஞ்சா மனசு மொதல்லயே போயி அங்க குந்திக்குது. நானும் அப்பிடித்தான் நொம்ப வருசம் ஏமாந்தேன். அதான் இங்க நாளே சொல்றதில்ல."

நான் திரும்பி வந்து பெஞ்சியில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது நாலு கயிற்றின் கதையையும் சொன்னேன். தேங்காயைப் படியில் உடைத்து ஆளுக்கொரு சில்லு டீயோடு தின்றோம்.

அங்கிருந்து நேராகக் கொட்டச்சேடு. நீங்கள் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தீர்கள். அவள் என் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தாள்.

"எத்தன நாளைக்கி?"

"இன்னிக்கி மட்டும்."

நான் விளையாடுகிறேனோ என்று என் முகத்தையே பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

"அப்ப நாளைக்கும் வந்து இதையே சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

உங்களை அனுப்பவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

பொழுது சாய நம் வீட்டுக்கு வந்தேன். நம் வீட்டைத் தாண்டித்தான் சாராயக்கடைக்குத் தடம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று கல்லை எடுத்து வாசலில், தடத்தைப் பார்க்க வைத்து, அடுப்பு மூட்டினேன். ராகிக் களி கிண்டினேன். பழக்கமில்லாத கை, கட்டி தட்டிப் போனது. அந்தத் தடத்துக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டியோடு அத்தனையையும் தின்று முடித்தேன்.