ஒருத்தராவது என்னத் தேடணும் முருகா

மூன்று வருடமாக நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. சொல்ல ஆள் இல்லை. என் மனைவி செல்வி போய்ச் சேர்ந்த பிறகு கல்லிடைக்குறிச்சி வீட்டில் நான் ஒருவன்தான். மகன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், "சாப்பிட்டியளாப்பா" என்பான், வைத்துவிடுவான். அவனைக் குறை சொல்லவில்லை.

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை கூடிப்போய் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமாகி, கடைசியில் மலையில் ஓடுவதில் வந்து நின்றது. தூக்கம் வராதவனுக்கு விடியுமுன் செய்ய ஒரு வேலை வேண்டுமே! கடையம் பக்கம் ஒரு முருகன் மலை. செவ்வாய், பௌர்ணமி என்றால் கூட்டம் அலைமோதும். மற்ற நாள்களில் காலை ஐந்து மணிக்கு நானும் என் நெற்றி விளக்கும்தான். சாமி மலை என்பதால் அடிவாரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படிகளில் ஓடுவேன். மேலே கோயில் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கும்பிட மாட்டேன். செல்விக்காக அவ்வளவு கெஞ்சியும் கேட்காதவனிடம் எனக்கு என்ன பேச்சு என்று கோபம்.

அடிவாரத்தில் இசக்கியம்மாள் என்று ஒரு பூக்காரம்மா. விடியுமுன்னே வந்து பூக் கட்ட உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்களின் செருப்பையும் பார்த்துக்கொள்வார். என்னைக் கண்டால் போதும், "அண்ணாச்சி, தனியாவா போறிய? எப்ப இறங்குவிய?" என்பார். கிளம்புகிற நேரத்தில் இப்படிக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பதில் சொல்ல மாட்டேன். அவர் வாய்க்குப் பயந்தே ஷூவைப் பைக் பெட்டிக்குள் பூட்டி வைப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. முந்தின நாள் மழையில் பெட்டிப் பூட்டு இறுகிவிட்டது. எவ்வளவு திருகியும் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஷூவை அந்த அம்மாவின் தார்ப்பாய்க்குக் கீழே தள்ளினேன்.

"போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவிய?" என்றார். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

பாதி மலையில் படியை விட்டு விலகி, சுனைக்குப் போகும் பாறைத் தடத்தில் திரும்பினேன். அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான். பாசி வழுக்கியது. பத்தடி சறுக்கி, வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. விளக்கு எங்கோ உருண்டு போனது.

போன் வீட்டில் கிடந்தது. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அதைக் கொண்டு போவதே இல்லை.

விடிந்தது. கீழே வயல்களும் குளங்களும் தெரிந்தன. எங்கேயோ பஸ் ஹாரன் அடித்தது. ஊர் எழுந்துவிட்டது. நான் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. தொண்டை கட்டும் வரை கத்தினேன். காற்று கொண்டு போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கீழே தோட்ட வேலைக்காரர்களின் பைக்குகளோடு நிற்கும் என் பைக்கை யார் கவனிப்பார்? கடை திறக்காவிட்டால் வெளியூர் போயிருப்பார் என்பார்கள். மகன் கூப்பிட ஞாயிறு வர வேண்டும். அதற்குள் நான் செத்திருப்பேன். நினைத்ததும் ஓவென்று அழுதுவிட்டேன்.

மேலே பூசை மணி அடித்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அவனிடம் வாய் திறந்தேன். காலைக் குணமாக்கு என்று கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. "முருகா, ஒருத்தராவது என்னத் தேடணும்யா" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. "ஏ ஷூ அண்ணாச்சீ!" என்று ஒரு குரல். அவருக்கு என் பெயர் தெரியாதே! இசக்கியம்மாள்தான். தோட்ட வேலைக்கு வந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, என் ஒற்றை ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்து, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் "இந்த ஷூக்காரரப் பாத்தியளா?" என்று கேட்டுக்கொண்டே ஏறியிருக்கிறார். மேலே காணவில்லை என்றதும் சுனைப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

"மூணு வருசமா ஏழு மணிக்கு டான்னு இறங்குத மனுசன்! எட்டாகியும் ஷூ கெடந்த எடத்துலயே கெடக்கு. மனசு கேக்கல அண்ணாச்சி" என்றார்.

மூன்று வருடமும் ஒருவர் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வலியைவிட அதுதான் என்னை அழவைத்தது.

"முருகன்தாம்மா ஒங்கள அனுப்பிருக்கான்" என்றேன்.

"முருகன் எங்க சொன்னாரு? ஒங்க ஷூல்லா பக்கத்துல கெடந்து நாறிக்கிட்டு இருந்துச்சு!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் பைக் பெட்டியின் பூட்டை நினைத்துக்கொண்டேன். அதை இறுக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி ஓட்டம் கிடையாது. மெதுவாக ஏறுகிறேன், கோயிலுக்குள் போய் நின்று கும்பிடுகிறேன். மகனை நானே தினமும் கூப்பிடுகிறேன். அவனுக்குத் தொந்தரவுதான், அனுபவிக்கட்டும்.

என்னைப்போல் தனியாகக் கிடக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். கோபத்தோடாவது முருகனிடம் கேளுங்கள். அவன் அனுப்பும் ஆள் ஏற்கெனவே உங்கள் வழியில்தான் உட்கார்ந்திருப்பார். பதில் சொல்லாமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இன்று காலையும் ஷூவை இசக்கியம்மாளிடம் கொடுத்தேன். "போயிட்டு வாரேம்மா" என்றேன்.

பூவிலிருந்து தலை நிமிராமலே, "வாங்க" என்றார்.