நூற்றுப் பன்னிரண்டாவது நீலம்

இருபத்தாறு வருஷம் ஒரே நிறத்தோடு மாரடித்தார் மனுஷர். டி.வி. திரையில் சிவப்பும் பச்சையும் சொன்ன பேச்சைக் கேட்கும். நீலம் மட்டும் நாலாயிரம் மணி நேரத்தில் மங்கிவிடும். நீலம் மங்கினால் வெள்ளை மஞ்சளித்துப் படம் முழுக்கச் சோகை பிடித்ததுபோல ஆகிவிடும். பத்தாயிரம் மணி நேரம் மங்காத நீலம் ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பிய இயற்பியலாளர் அவர். தொழிற்சாலையில் எல்லாருக்கும் ‘நீலம் சார்’. பதினேழு காப்புரிமை அவர் பேரில் இருந்தது, ஒன்றுகூட நீலத்துக்கு இல்லை.

கண்மேல் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. இளவயதில் ஒருமுறை, நிறம் அளக்கும் மீட்டர் சரியென்ற திரையை இவர் கண் தப்பு என்றது. பிரித்துப் பார்த்தால் மீட்டர்தான் பழுது. அன்று ஏறிய தலைக்கனம் பிறகு இறங்கவே இல்லை.

நீல ஒளி தரும் ரசாயனத்தில் அவர் செய்த நூற்றுப் பன்னிரண்டாவது கலவைதான் கடைசி வாய்ப்பு. இதுவும் மங்கினால் பிரிவையே மூடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவரையும் சேர்த்து ஏழு பேரின் பிழைப்பு அதில் இருந்தது. இருட்டறையில் திரைகள் இரவு பகலாக எரிந்தன. ஒன்பதாயிரமாவது மணி நேரத்தில் உள்ளே போனவர் பெருமூச்சு விட்டார்.

“மஞ்சளாயிடுச்சும்மா,” என்றார், பதினோரு வருஷமாகக் கூட இருக்கும் உதவி ஆய்வாளரிடம்.

“மீட்டர்ல கொஞ்சம்கூட இறங்கல சார். பக்கத்துல இதே கலவையில இன்னும் எரிக்காத புதுத் திரை ஒண்ணு வச்சுப் பாருங்களேன்.”

வைத்துப் பார்த்தார். “இதுவும் மஞ்சள்தான். கலவையே சரியில்ல.”

“சார், மீட்டர்...”

“மீட்டருக்கு என்னம்மா தெரியும்?”

அவள் மீட்டரை அணைத்து வைத்தாள். அறிக்கையில் ‘மீட்டர் பழுது, நீலம் மங்கியது’ என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டார். பிரிவை மூடினார்கள். திரைகளையும் குறிப்பேடுகளையும் அரைத்துத் தள்ளினார்கள். அவளைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் அவர் ஓய்வு வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து வலக்கண்ணில் அறுவை நடந்தது. கட்டைப் பிரித்ததும் எதிர்ச்சுவர் பளிச்சென்று வெளுப்பாகத் தெரிந்தது. அந்தக் கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தார். மஞ்சள். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார்.

“புரை விழுந்தா லென்ஸ் மஞ்சளாயிடும். நீல வெளிச்சத்தைத்தான் மொதல்ல முழுங்கும்,” என்றார் டாக்டர். “உங்களுக்கு நாலஞ்சு வருஷமாவே இருந்திருக்கும்.”

“அதான் சட்டை வெளுக்கலைன்னு என்னைத் திட்டித் தீர்த்தீங்களா?” என்று மனைவி சிரித்தாள். அவர் மெல்ல எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் உதவி ஆய்வாளருக்குப் போன் போட்டார்.

“அந்த நீலம் மங்கலம்மா. என் கண்ணுதான் கெட்டிருக்கு.”

மறுமுனையில் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

“தெரியும் சார். புதுத் திரையையும் மஞ்சள்னு சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“ஏம்மா சொல்லல?”

“உங்ககிட்ட யார் சொல்றதுன்னு நாங்க ஆறு பேரும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம் சார். என் பேர்தான் வந்துச்சு. ரூம் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்.”

“வேலை போயிடும்னு தெரிஞ்சுமா?”

“வேலை போறதைவிட உங்களுக்குத்தான் சார் பயந்தோம்.”