களியில் வந்த கன்னம்

எங்கள் ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. போனால் கேட்க நாதியில்லாதவள் என்று ஆகிவிடும். கூட வருகிறவரும் சும்மா வருவதில்லை. டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் அவர்தான் சொல்லுவார். சீக்காளிக்கு வேலை நாக்கை நீட்டுவது மட்டும். எனக்கு அப்படி வாய்த்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி. சங்கரன்கோவிலில் எங்கள் எதிர்வீடு. நான் பிரசவத்தில் கத்திக்கொண்டிருந்தபோது, "வலி எப்படி இருக்கும்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இப்பம் கொஞ்சம் பரவாயில்ல" என்று பதில் சொன்னவர் அவர்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தெரியாமல்தான் கிளம்பினேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பள்ளிக்கூடச் சிநேகிதிகள். பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, கல்யாண மண்டபம் பிடித்து ஒருநாள் கூடுவது என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கொரு போட்டோ போடச் சொன்னார்கள். போட்டேன். வாசுதேவநல்லூரில் வாக்கப்பட்ட ஒருத்தி, "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! நான் நன்றாக இருக்கும்போது எடுத்த போட்டோ அது.

கண்ணாடியில் பார்த்தால் அவள் சொன்னதும் தப்பில்லை. கன்னம் வற்றித்தான் போயிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தக் கதை இருபது வருஷத்துக்கு முந்தியது. அப்போது பம்பாயில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு அங்கே மளிகைக் கடை. டைபாய்டு வந்து என் கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது. பக்கத்துக் கட்டடத்துப் பியூட்டி பார்லர்காரி, ஊசியில் சிலிகான் ஏற்றினால் ஆயுசுக்கும் கன்னம் இறங்காது என்றாள். அவள் டாக்டர் இல்லை, நர்ஸ்கூட இல்லை. என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, பக்கத்துக்கு இரண்டாக நாலு ஊசி போட்டுக்கொண்டேன். வீங்கியபோது பல்வலி என்றேன். இரண்டு பக்கமுமா பல் வலிக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. தங்கமான மனுஷன்.

அடுத்த வாரமே மதினி என்னைத் தேற்றுவதற்கு ஊரிலிருந்து வந்து இறங்கினார். பை நிறைய உளுந்து மாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய். ஒரு மாதம் தினமும் காலையில் உளுந்தங்களி. எண்ணெயில் மிதக்கும் உருண்டை என் தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். மாதம் முடிந்தபோது என் கன்னம் பந்துபோல இருந்தது. பேர் யாருக்குப் போகும்? களிக்குத்தான் போயிற்று.

நாங்கள் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு என் கன்னத்தை மதினி ஊருக்கே காட்டினார். பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு அம்மா, கல்யாணம் நிச்சயமான மகளைக் கூட்டிவந்தார். என்னை வெயிலில் நிறுத்தி, தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, களிக்குப் பக்குவம் கேட்டுப் போனார். அந்தப் பெண்ணுக்கு இடுப்புதான் பெருத்தது. கன்னம் அப்படியே கிடந்தது. "அவ ஒழுங்காத் திங்கல" என்று மதினி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதற்குமேல் நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

இப்போது ஐம்பதைத் தாண்டியதும் சுற்றிலும் சதை வற்றி, வலது கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி மட்டும் நின்றது. பள்ளத்தை நிரப்பிவிட்டால் மேடு தெரியாது என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். ஃபில்லர் என்று ஒன்று போடுகிறார்களாம், போனில் பார்த்தேன். திருநெல்வேலியிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு தோல் டாக்டரம்மா வந்து எங்கள் ஊர் மெடிக்கல் கடை மாடியில் பார்க்கிறார். போன் பண்ணி விஷயத்தைச் சொல்லி நேரம் வாங்கினேன்.

பாதிப் படி ஏறியிருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம்.

"ஏட்டி, நில்லு! ஆஸ்பத்திரிக்கு ஒத்தையில வாரியே, நாங்க என்ன செத்தா போனோம்?"

"சும்மா முகத்துல மங்கு மதினி, காட்டிட்டுப் போலாம்னு..."

"மங்குன்னா மட்டும் நான் வரக் கூடாதோ?"

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான். நாங்கள் உட்கார்ந்ததுமே, "கன்னத்துக்கு ஃபில்லர் கேட்டது நீங்கதானே?" என்று போட்டு உடைத்துவிட்டார். மதினி விவரம் கேட்டார். தோலுக்கு அடியில் ஜெல் வைத்து வாட்டத்தை நிரப்புவது என்று டாக்டரம்மா சொன்னார். மதினி என்னைத் திட்டித் தீர்க்கப்போகிறார் என்று நான் தலையைக் கொடுத்துக் காத்திருந்தால், "தாராளமாப் போடுங்க. களி கிண்ட இப்பம் எனக்குக் கை வலிக்கு" என்றார்.

"இதுக்கு முன்னாடி முகத்துல ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா? சிலிகான் மாதிரி?"

"ஒண்ணும் கெடையாது" என்றார் மதினி, நான் வாயைத் திறப்பதற்குள். "எங்க குடும்பத்துல மூஞ்சியில பவுடரத் தவிர எதுவும் பட்டதில்ல. அந்தக் கன்னம் பூராவும் உளுந்து."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பழைய சிலிகான் உள்ள கிடந்தா, அதுல ஊசி பட்டா சும்மா கிடக்கிறது கிளம்பிரும். வீங்கலாம், கட்டி கட்டியாத் தடிக்கலாம், சீழ் பிடிக்கலாம். உடனேயும் வரும், மாசக்கணக்கு கழிச்சும் வரும். ஃபில்லர்ல சிலதைக் கரைக்க மருந்து இருக்கு. சிலிகானைக் கரைக்க மருந்தே கிடையாது."

சொன்னால் மதினியின் மானம் போகும். சொல்லாவிட்டால் என் முகமே போகும். அவரை வெளியே அனுப்பப் பார்த்தேன்.

"மதினி, தாகமா இருக்கு. கீழ போயி ஒரு சோடா..."

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"பாத்ரூம் எங்கன இருக்குன்னு கேட்டுட்டு வாங்களேன்."

"வரும்போதே பாத்துட்டேன். இடது பக்கம்."

இந்த மனுஷியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! அதற்குள் நர்ஸ் ஊசித் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"போட்டிருக்கேன் டாக்டர்" என்றேன். "சிலிகான்தான். பம்பாயில. இருபது வருசமாச்சு. போட்டவ டாக்டர் இல்ல."

மதினி என் கன்னத்தைப் பார்த்தார். இடது, வலது, மறுபடி இடது. "அப்பம் நான் கிண்டுன களி?" என்று மட்டும் கேட்டார். நான் குனிந்துகொண்டேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

டாக்டரம்மா தட்டை எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, என் வலது கன்னத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் கட்டி எத்தனை நாளா இருக்கு? வலிக்குதா?"

"இப்பதான் கொஞ்ச நாளா. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லுதா" என்றார் மதினி.

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"தீவாளியிலருந்து இருக்கு டாக்டரம்மா. சோத்த இடது பக்கமே வச்சு மெல்லுதா. முறுக்கக் காப்பியில நனைச்சுத் திங்கா. மத்தியானம் படுத்தா வலது பக்கம் திரும்ப மாட்டா. ஏசி பஸ்ஸுல ஏறினா முந்தானையால கன்னத்தப் பொத்திக்கிடுதா. நான் பல்லுன்னு நெனச்சேன். கேட்டா வாயத் தொறந்தால்லா?"

இதில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை. முறுக்கை நனைப்பது எனக்கே தெரியாது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஃபில்லர் என்ற பேச்சே இப்போது வேண்டாம், திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்து உள்ளே எது எங்கே கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதுவரை கன்னத்தைத் தேய்க்கவோ அமுக்கவோ கூடாது, ஊசி போடுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்றார். சிநேகிதிகள் கூடும் மண்டபத்துக்கு நான் இந்த மூஞ்சியோடுதான் போயாக வேண்டும்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே தாயி?" என்று மதினி கேட்டார்.

"பயப்படாதீங்க. பாத்துக்கலாம்."

பஸ் ஸ்டாண்டு வரும்வரை மதினி திரும்பிப் பார்க்காமல் எனக்கு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க மதினி. உங்க பேரக் கெடுத்துட்டேன். ஸ்கேனுக்கு நான் மட்டும் போயிட்டு வாரேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

அவர் நின்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"காலைல ஏழு மணி பஸ்ஸுக்குக் கெளம்பி நில்லு, நான் வாரேன்" என்றார். "ஒத்தையில போனா, அங்கனயும் வலிக்கலைன்னுதான் நீ சொல்லுவ."