அடுப்பை விட்டுக்கொடுக்காதவள்

சீருடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் காலர் தைத்தவள் அவள். நாற்பத்து மூன்று வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. அடுத்த இரண்டு வருடத்தில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று காட்டும் வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது.

அவளை ஒரு வார்த்தை கேட்காமலே வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். பஸ் ஓட்டும் கணவர் காலையில் கிளம்பும்போது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரி மேல்தட்டில் வைத்துவிடுவார். பக்கத்துத் தெரு நாத்தனார் மதியம் கேரியரோடு வருவாள். நல்ல மனசுக்காரிதான். ஆனால் அவள் வேகவைக்கும் பருப்பு பல்லில் கடிபடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இவளே ஸ்டூல் போட்டு ஏறி ரெகுலேட்டரை எடுத்து மாட்டினாள். பருப்பைக் கழுவி, விரல் விட்டுத் தண்ணீர் அளந்து, மஞ்சள்தூள் போட்டு, குக்கரை மூடினாள். விசிலே வரவில்லை. ஓரமெல்லாம் புஸ்ஸென்று ஆவி போனது. மூடியில் ரப்பர் வளையம் மாட்ட மறந்திருந்தாள். அடிப்பிடித்த வாசனை வந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள்.

"கண்ணு தெரியாம அடுப்புகிட்ட போகலாமா அண்ணி? ஏதாவது ஆச்சுன்னா அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?"

"கண்ணு தெரிஞ்சப்ப மட்டும் குக்கருக்குள்ள எட்டிப் பாத்தா வேகவெச்சேன்? மூடிட்டா எல்லாரும் குருடுதான். காதாலதான் சமைக்கிறோம்."

"இன்னிக்குக் கருகிப் போச்சே."

"உனக்குக் கருகினதே இல்லையா? உன் அடுப்பை யாராவது பிடுங்கினாங்களா?"

நாத்தனார் கருகிய குக்கரைத் தூக்கித் தொட்டியில் வைத்தாள்.

மறுநாள் கணவருக்கு வார விடுமுறை. தங்கை சொல்லி எல்லாம் தெரிந்திருந்தது. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் செய்றேன், நீ தள்ளு."

"தள்ள மாட்டேன். பேசாம நில்லுங்க. சத்தம் கேக்கணும்."

வளையத்தை விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்து மூடினாள். ஆவி சீறத் தொடங்கியதும் வெயிட்டைப் போட்டாள். மூன்றாவது விசிலில் தீயை அணைத்தாள். அழுத்தம் முழுதாக அடங்கும்வரை மூடியைத் தொடவில்லை. அவர்தான் இரண்டு முறை கை நீட்டினார். "அவசரப்படாதீங்க" என்று தட்டிவிட்டாள். திறந்து மத்தால் மசித்தபோது பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது.

நாத்தனார் கொண்டுவந்த சோற்றில் அதை ஊற்றி மூவரும் சாப்பிட்டார்கள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் கணவர்.

இரண்டு வருடமாக யாரும் அவளிடம் குறை சொன்னதில்லை. எல்லாரும் ஐயோ பாவம் என்றுதான் பேசினார்கள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"நாளைக்குக் குறைச்சுப் போடறேன்."