குனிந்தால் கத்தும் பெட்டி

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய, சாம்பல் நிறப் பெட்டி அது. இடுப்புப் பட்டியில் கொழுவி, அதன் வயரை முதுகில் ஒட்டிவிடுவார்கள். முதுகை வளைத்தால் கீ, கீ என்று கத்தும், நிமிர்ந்தால் அடங்கும். யுத்த காலத்தில், இடுப்பு நாரி வலியால் வாவியில் வலை வீச முடியாமல் நான் பாயில் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொழும்பிலிருந்து வந்த, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஐயா ஒருவர் அதை எனக்குக் கட்டிவிட்டார்.

பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது சொன்னது விளங்கியது. அது கத்தக் கத்த, முழங்காலை மடித்து முதுகை வளைக்காமல் வலை எறிய நானே பழகினேன். சில கிழமைகளில் மறுபடி தோணி ஏறினேன். "என்ட சொல்லுக்கு அடங்காத மனிசன், பெட்டிட சத்தத்துக்கு அடங்கிட்டாரு" என்று மனைவி சிரித்தாள்.

குற்றமெல்லாம் ஐயாவிடம். தொண்டு நிறுவனக் கொடி கட்டிய வாகனத்தில் வருவார். பார்வையாளர்கள் வந்தால் என் சட்டையை உயர்த்திக் காட்டுவார்; நான் கூச்சத்தில் சுவரைப் பார்த்து நிற்பேன். என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு காலை மீன் விற்கப் போகையில், சோதனைச் சாவடியில் எல்லோரையும் போலச் சைக்கிளை விட்டிறங்கி, குனிந்து அடையாள அட்டையை நீட்டினேன். பெட்டி கத்தியது. துவக்குகள் திரும்பின. முழங்காலில் இருத்தினார்கள். நிமிர்ந்தால் அது அடங்கிவிடும். துவக்குக்கு முன்னால் நிமிர எனக்குத் துணிவில்லை. ஒருவன் வயரைத் தோலோடு பிய்த்து, பெட்டியை மிதித்து நொறுக்கினான். மத்தியானம்தான் விட்டார்கள்.

"அங்க ஏன் குனிஞ்சீங்க? நிமிர்ந்து நிண்டிருக்கலாமே" என்றார் ஐயா. ஒரு சாவடியிலும் வாகனத்தை விட்டு இறங்காத மனிதர். "ஓம் ஐயா" என்றேன். வேறு பெட்டி தரவில்லை. என் ஆஸ்பத்திரி அட்டையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்ததைத் தாதி வாசித்துக் காட்டினார். இவ்வளவு படித்த முட்டாளை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

பெட்டியின் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். நான் வளைந்து வலை எறிந்தால் கரையில் நின்று "கீ, கீ" என்பாள். மற்றத் தோணிக்காரர்கள் சிரிப்பார்கள். நாரி தாங்கியது; இன்றும் தாங்குகிறது.

சாவடி இருந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். அதைத் தாண்டும்போது என் முதுகு தானாக வளையும். பின்னால் சைக்கிள் கரியரில் இருக்கும் மனைவி அந்த இடத்தில் மட்டும் கத்துவதில்லை.