கிழித்துப் போட்ட ஏழு நாளிதழ்கள்

அந்த வாரத்துப் பத்திரிகைகளைத் தொட்டாலே விரல் கறுத்துவிடும். தேசத் தலைவர் ஒருவர் இறந்துபோன வாரம் அது. முதல் பக்கத்தைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கட்டம் போட்டிருந்தார்கள், அந்த மையைத் துடைத்துத் துடைத்தே என் பாவாடை பாழாயிற்று. எனக்குப் பத்து வயது. திண்டுக்கல்லின் டீக்கடை, முடிவெட்டும் கடை, பூக்கடை என்று அலைந்து, எண்ணெய்க் கறை பட்டதும் ஓரம் கிழிந்ததுமாக ஏழு நாளிதழ்கள் சேர்த்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. ஊரே அழுத ஒரு விஷயம் மறுநாளே வடைப் பொட்டலமாகிவிடுகிறதே என்று பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா ஞாயிறு பூசை தவறாதவள், ஜெபமாலை சொல்லாமல் தூங்காதவள். ஆனாலும் சாவுச் செய்தி சொல்லும் "எழவுக் காயிதம்" வந்தால் வாசலிலேயே படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். கறுப்புக் கட்டம் போட்ட நாளிதழும் அவளுக்கு அதே சாதிதான். "பிள்ளத்தாச்சி இருக்கிற வீடுடி இது. எழவுக் காயிதத்தக் கொண்டாந்து அடுக்குறியே! அம்புட்டையும் வெளிய போடு" என்றாள். பிள்ளைத்தாய்ச்சி, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் அக்கா. போட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி, ஏழையும் அக்காவின் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டேன். அம்மாவின் விளக்குமாறு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

நான்கே நாளில், ஒரு மாதம் முன்னதாகவே, அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. என்னை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். என்னால்தான், அக்கா சாகப்போவது என்னால்தான் என்றே தோன்றியது. ஏழையும் இழுத்து வெளியே கொண்டுபோய்ச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அப்பா சைக்கிளில் வந்து இறங்கி, "பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காக" என்றார்.

நான் கிழித்ததால்தான் பிழைத்தார்கள். அன்று அப்படி முடிவு செய்ததை, பிறகு படித்த எந்தப் படிப்பும் அசைக்கவில்லை. வீடு திரும்பிய அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கட்டிலுக்கடியில கெடந்த பேப்பரெல்லாம் எங்கடி? மத்தியானம் தூக்கம் வராம படிச்சிக்கிட்டு இருந்தேன், பாதியில நிக்குது" என்று கேட்டாள்.

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த ஏழு நாளிதழ்களின் வேறு பிரதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியின் பீரோவில் மூன்று சேர்ந்திருக்கின்றன. ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பழைய பேப்பர்க் கடைகளில் இப்போது அட்டைப்பெட்டிகள்தான் குவிந்து கிடக்கின்றன. சாவுச் செய்தி கைபேசியில் வருகிறது. அதை வாசலில் நின்று படிப்பவர் யாருமில்லை, நானும்தான்.

போன வாரம் நான்காவது கிடைத்தது. பையில் அதை வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் வழியில் அக்காவைப் பார்க்கப் போனேன். அன்று பிறந்தவள் இப்போது எட்டு மாத வயிற்றோடு அங்கே வந்திருப்பது வாசலில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஏன் சித்தி வெளியவே நிக்கிறீங்க? பையில என்ன?" என்று பிடுங்கிப் பிரித்தாள். படித்துக்கொண்டே உள்ளே போய்க் கட்டிலில் சாய்ந்து, நாளிதழை வயிற்றின் மேலேயே விரித்துக்கொண்டாள். எவ்வளவு நேரத்தில் படித்து முடிப்பாய் என்று கேட்டேன்.

"என்ன அவசரம்? செத்த நேரம் உக்காருங்க சித்தி" என்றாள், தலையைத் தூக்காமல்.

நான் உட்காரவில்லை.