சிவப்புப் பென்சில் வாங்கிய பங்குகள்

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் அவருக்குச் 'சிவப்புப் பென்சில்' என்று பெயர். அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் நான்தான். எந்தக் கம்பெனி எவ்வளவு பவுடர் பூசிக் கணக்கை அனுப்பினாலும், ஓட்டை இருக்கும் வரியில் அவர் பென்சில் போய் நின்றுவிடும். இருபத்தாறு வருடமாக அதே மேஜை, அதே நாற்காலி, அதன்மேல் மனைவி தைத்துக் கொடுத்த அதே மெத்தை.

ஒரு டெக் கம்பெனியின் பங்கை நாங்கள் வாங்க ஆரம்பித்தபோது, அதன் வருடாந்தர அறிக்கையை அச்செடுத்துச் சாப்பாட்டு அறைக்கே கொண்டுவந்தார். மூன்று வருடமாக நஷ்டம். வருமானம் என்று காட்டியதில் முக்கால்வாசி அவர்களுடைய இன்னொரு கம்பெனியிலிருந்தே வந்தது. எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்திருந்தார்.

"வலது கை இடது கைக்குக் காசு குடுத்தா, அது வியாபாரமாப்பா?"

"வாங்குறவன் எல்லாம் முட்டாளாண்ணே?" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறிக்கையின் மேல்தான் அன்று என் டிபன் டப்பாவை வைத்தேன்.

பங்கு ஏறியது. ரிசப்ஷன் பெண் ஸ்கூட்டர் வாங்கினாள். ஒரு வரவு செலவுத் தாளை ஒழுங்காகப் படிக்கத் தெரியாத எங்கள் மேனேஜர் மாடி எடுத்துக் கட்டினார். எட்டு மாதம் சிவப்புப் பென்சில் மட்டும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஒன்பதாம் மாதம் என்னிடம் போனை நீட்டினார்.

"எப்படி வாங்கணும்னு காட்டு தம்பி."

ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்பார்கள். நான் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். அவர் போட்டது மனைவியின் மூட்டு ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறே வாரத்தில் விழ ஆரம்பித்தது. அப்போதாவது விற்றிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு அறையில் தினமும் ஒரே கேள்விதான்.

"யாராவது வித்தீங்களா?"

"இல்லையே."

"அப்ப நானும் வெச்சிருக்கேன்."

அவரும் அதையே கேட்டார், அதையே சொன்னார். பத்தில் ஒன்பது பங்கு கரைந்த பிறகு நாங்கள் கேட்பதையும் நிறுத்திவிட்டோம்.

நேற்று வேலை முடிந்தும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வீடு வரை கூடவே போனேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் அவர் மனைவி காய்கறிப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. ஆபீஸ்ல எல்லாருக்கும் நிறையப் போயிடுச்சாமே? இவரு அப்பவே சொன்னாரு, அதுல ஒண்ணுமே இல்லன்னு. நல்லவேளை, ஊரே போய் விழுந்தும் இவரு விழல."

அண்ணன் குனிந்து பையை எடுத்துக்கொண்டார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். என்னைப் போல் கேவலமானவன் அந்தக் கட்டடத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

"டாக்டர் அடுத்த மாசம் இருபதாம் தேதி குடுத்திருக்காரு. அப்புறம் பாருங்க, எங்கயும் உக்காராம ஏறிடுவேன்."

அண்ணி கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து ஏறினார். இரண்டாம் மாடியில் மறுபடி உட்கார்ந்தார்.